கணக்குக் காட்டுகிறார்கள்!

அமெரிக்க நாட்டிலே மிச்சிகன் மாநிலம். அந்த மாநிலத்திலே ஃபிளின்ட் என்றொரு நகரம். பெருநகரமுமல்ல, சிற்றூருமல்ல, நடுத்தரமானது. டெட்ராய்ட்டிலிருந்து அறுபது மைலுக்குச் சற்று மேல். பத்தாண்டுக்கு ஒருமுறை அந்நாட்டுச் சர்க்கார் எடுக்கும் மக்கள் கணக்கிலே இந்த ஊரின் பெயருக்கு நேரே எழுதப்பட்டுள்ள எண்களைப் பாருங்கள், தோழர்களே! 1900ல் 13,103. 1930ல் 1,56,492. 1960ல் 1,96,940. 2020ல் 81,252.

அறுபது ஆண்டுகளிலே பத்துப் பேருக்கு ஆறு பேர் குறைந்துபோயினர். கொள்ளை நோய் வந்து கொண்டுபோகவில்லை. குண்டு விழவில்லை. பூமி பிளக்கவில்லை. பிறகு எங்கே போனார்கள் ஒரு இலட்சத்துப் பதினையாயிரம் மக்கள்?

பொருளாதாரப் பண்டிதர்கள் விளக்கம் தருகிறார்கள். ஊர் என்றால் வளரும், தேயும்; தொழில் என்றால் வரும், போகும்; இதற்கு யாரையும் நோவானேன் என்கிறார்கள். வளர்பிறை தேய்பிறைபோல இதுவும் வானத்துக் காரியம் என்று நம்மை நம்பச் சொல்கிறார்கள். கணக்குக் காட்டுகிறார்கள் அவர்கள். அந்தக் கணக்கை எழுதிய கை யாருடையது என்று கேட்கிறோம் நாம்.

கதை 1900க்குப் பக்கத்திலே தொடங்குகிறது. குதிரை வண்டி செய்யும் ஊராக இருந்தது ஃபிளின்ட். அந்தத் தொழிலிலே பணம் சேர்த்த வில்லியம் டூரன்ட் என்பவர் பியூக் மோட்டார் கம்பெனியைக் கைக்குள் கொண்டுவந்தார்; 1908ல் ஜெனரல் மோட்டார்ஸ் என்ற நிறுவனத்தை அமைத்தார். உலகத்தையே ஒரு காலத்தில் ஆட்டிப்படைத்த அந்த மோட்டார் சாம்ராஜ்யம் பிறந்த தொட்டில் இந்த ஊர்தான். ஆள் தேவைப்பட்டது. வந்தார்கள். பண்ணை நொடித்த குடியானவர், தென் மாநிலங்களிலே பருத்திக் காட்டில் வெந்த கறுப்பு மக்கள், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்த ஏழைகள் எல்லோரும் வந்தார்கள். பத்தே ஆண்டில் ஊர் மும்மடங்கு பெருத்தது.

வந்தவர்களுக்கு வீடு? கூடாரமும் தகரக் கொட்டகையும் தார்த்தாள் போர்த்திய குடிசையும்தான். ஒரே கட்டிலுக்கு இரண்டு குடித்தனக்காரர்கள். பகல் ஷிப்டுக்காரன் எழுந்து போவான். படுக்கையின் சூடு ஆறுமுன் இரவு ஷிப்டுக்காரன் வந்து விழுவான். 1919லிருந்து கம்பெனியே வீடுகளைக் கட்டி விற்றது, நல்ல காரியந்தான். ஆனால் அந்த வீட்டுப் பத்திரத்திலே ஒரு நிபந்தனை இருந்தது: வெள்ளையரல்லாதார் குடியிருக்கலாகாது. ஆள் எடுக்கும்போது கறுப்பன் வேண்டும். அடுத்த வீட்டுக்கு மட்டும் வேண்டாம். இந்த நிபந்தனை பின்னால் என்ன செய்தது என்பதைப் பிறகு சொல்கிறோம்.

உள்ளிருப்பு வேலைநிறுத்தம் என்ற சொல் நமது தொழிலாளத் தோழர்களுக்குப் பழக்கமான சொல். அந்த ஆயுதத்தை உலகறியச் செய்த ஊர்களிலே முதல் வரிசையில் நிற்பது இந்த ஃபிளின்ட். ஆகவே அதைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும்.

1930களிலே அங்கே தொழிலாளியின் நிலை என்ன? லைன் ஓடும் வேகத்தை மேலே இருப்பவன் கூட்டுவான். கீழே நிற்பவன் கை அதற்கு ஈடுகொடுத்தாக வேண்டும். மாலையில் வீடு திரும்பினால் கரண்டி பிடிக்கக் கை நடுங்கும். சங்கம் என்று வாய்திறந்தால் மறுநாள் வேலை இல்லை. எப்படித் தெரிகிறது முதலாளிக்கு? ஒற்றர்கள்! 1934 சனவரிக்கும் 1936 சூலைக்கும் இடையே துப்பறியும் நிறுவனங்களுக்கு ஜெனரல் மோட்டார்ஸ் கொட்டிக்கொடுத்த பணம் ஏறத்தாழ 10 இலட்சம் டாலர் என்பதை அந்நாட்டுச் செனட் சபையின் விசாரணைக் குழுவே வெளியிட்டது. கூலி உயர்த்தக் காசில்லை. கோள் சொல்லக் காசுண்டு!

1936 டிசம்பர் 30. ஃபிஷர் பாடி ஆலைகளிலே தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். நிறுத்திவிட்டு வெளியே வரவில்லை. எந்திரங்களின் அருகிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். வாசலிலே மறியல் செய்தால் கருங்காலிகளை வைத்து ஆலையை ஓட்டுவான் முதலாளி. உள்ளேயே உட்கார்ந்துவிட்டால்? கோடிக்கணக்கான டாலர் பெறும் எந்திரத்தின் பக்கத்தில் அமர்ந்திருப்பவன்மீது எப்படிச் சுடுவான்?

உடனே நீதிமன்றத்துக்கு ஓடியது கம்பெனி. ஆலையைவிட்டு வெளியேற வேண்டும் என்று நீதிபதி எட்வர்ட் பிளாக் தடையுத்தரவு போட்டார். சங்கத்துக்காரர்கள் சும்மா இருக்கவில்லை, பங்குதாரர் பட்டியலைப் புரட்டினார்கள். அதே கம்பெனியிலே அந்த நீதிபதிக்கு 3,365 பங்குகள் இருந்தன! அன்றைய மதிப்பில் இரண்டு இலட்சம் டாலருக்கு மேல். நடுநிலை தவறாத நீதியின் தராசிலே எந்தத் தட்டில் அந்தப் பங்குப் பத்திரம் இருந்தது என்று நாம் சொல்ல வேண்டுவதில்லை. அந்த உத்தரவு பிசுபிசுத்துப் போயிற்று.

1937 சனவரி 11. மிச்சிகன் குளிர் எலும்பைத் துளைக்கும் குளிர். ஆலையின் வெப்பத்தை நிறுத்தினார்கள். சோறு போகும் வாயிலை அடைத்தார்கள். போலீஸ் கண்ணீர்ப்புகை வீசியது, சுட்டது. உள்ளே இருந்தவர்களிடம் என்ன இருந்தது? கார்க்கதவின் கீல்களும் தீயணைக்கும் தண்ணீர்க் குழாய்களும். அவற்றைக் கொண்டே விரட்டினார்கள். தொழிலாளர் பலர் குண்டடி பட்டனர். ஒலிபெருக்கி வண்டியின் பேட்டரி இறங்கிக்கொண்டிருந்த நேரத்தில், செனோரா ஜான்சன் என்ற இருபத்து மூன்று வயதுப் பெண் அதிலே பேசி, சுற்றி நின்று வேடிக்கை பார்த்த பெண்களைப் போராட்டக்காரர் பக்கம் வரும்படி அழைத்தார். போலீஸ் வளையத்தைத் தாண்டி வந்தார்கள் அவர்கள். அதன்பின் அமைந்ததுதான் சிவப்புத் தொப்பி அணிந்த மகளிர் அவசரப்படை. பிப்ரவரி 1 அன்று செவர்லே ஒன்பதாம் எண் ஆலையிலே போலியாக ஒரு கலவரத்தைக் கிளப்பி, காவலர்கள் எல்லாரும் அங்கே ஓட, எஞ்சின் செய்யும் நான்காம் எண் ஆலையைத் தொழிலாளர் பிடித்தார்களே, அந்த நாளில் ஒன்பதாம் ஆலையின் சன்னல் கண்ணாடிகளை உடைத்து, உள்ளே புகையில் திணறியவர்களுக்குக் காற்று விட்டவர்கள் இந்தப் பெண்கள்தான். அடுப்பங்கரையே அவர்கள் உலகம் என்றெண்ணிய ஆடவர் சிலர் சங்கத்துக்குள்ளேயும் இருந்தனர் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம்.

மாநில ஆளுநர் பிராங்க் மர்ஃபி படையை அனுப்பினார்; ஆனால் தொழிலாளரை வெளியேற்ற அதை ஏவ மறுத்தார். (அங்கே ஆளுநர் என்பவர் மேலிருந்து இறக்கப்படுபவரல்ல, மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் முதல்வர் போன்றவர். வாக்குக் கேட்டு வரவேண்டியவருக்கும் வரவேண்டாதவருக்கும் உள்ள வித்தியாசத்தை நம் தோழர்கள் அறிவார்கள்.) 44 நாட்கள்! பிப்ரவரி 11ல் கையெழுத்திட்டது கம்பெனி. ஐக்கிய மோட்டார் தொழிலாளர் சங்கத்தை ஒப்புக்கொண்டது. அந்தச் சங்கத்திலே 30,000 ஆக இருந்த உறுப்பினர் எண்ணிக்கை ஓராண்டுக்குள் 5 இலட்சமாயிற்று. அதற்குப் பிறகுதான் ஃபிளின்ட் தொழிலாளிக்குச் சொந்த வீடு, சம்பளத்தோடு விடுமுறை, மருத்துவம், ஓய்வூதியம் எல்லாம் ஒவ்வொன்றாய் வந்தன. 1960ன் அந்த உச்சக் கணக்கிருக்கிறதே, 1,96,940, அதைக் கட்டியது டூரன்ட் மட்டுமல்ல.

ஆனால் அந்த உச்சியிலேயே விரிசலும் இருந்தது. வீட்டுப் பத்திர நிபந்தனையைப் பற்றிப் பிறகு சொல்கிறோம் என்றோமே, அதற்கு வருவோம். ஆலையிலே கறுப்புத் தொழிலாளிக்குக் கிடைத்த இடம் பெரும்பாலும் ஃபவுண்டரி. உருக்கிய இரும்பின் அனலும் புகையும் உள்ள இடம். இல்லையென்றால் துடைப்பம். ஊரிலே கிடைத்த இடம் இரண்டே பேட்டை: ஆலைப்புகை படியும் செயின்ட் ஜான், மற்றொன்று ஃபுளோரல் பார்க். சங்கக் கூட்டத்திலே தோள்மேல் தோள் போட்டவன், அடுத்த வீட்டை இவன் வாங்கப்போகிறான் என்றதும் கதவைச் சாத்தினான். 1966ல் ஃபிளாயிட் மக்ரீ என்ற கறுப்பர், பியூக் ஃபவுண்டரியில் வேலை பார்த்தவர், நகரமன்றத்தால் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். எவரும் எங்கும் வீடு வாங்கலாம் என்ற சட்டத்தை 1967ல் அந்த மன்றமே தோற்கடித்தது. பதவி வேண்டாம், விலகுகிறேன் என்றார் மக்ரீ. நகரமன்றப் புல்வெளியிலே மக்கள் இரவு பகலாய்ப் படுத்துக் கிடந்தார்கள். சட்டம் வந்தது, எதிரிகள் விடவில்லை, மக்கள் வாக்குக்கு விட்டார்கள். 1968 பிப்ரவரியிலே சட்டம் பிழைத்தது, 30 வாக்கு வித்தியாசத்தில்! வென்றதற்கு மகிழலாம். பாதி ஊர் எதிர்த்து வாக்களித்தது என்பதையும் மறக்கலாகாது.

தோற்ற பாதி என்ன செய்தது? மூட்டை கட்டியது. நகர எல்லைக்கு வெளியே புறநகர்கள் முளைத்தன. கம்பெனியும் அதற்கு முன்பிருந்தே புதிய ஆலைகளை எல்லைக்கு வெளியே கட்டிக்கொண்டு வந்தது. ஆலை வெளியே போனால் வரி வெளியே போகும். நகரத்தையும் புறநகர்களையும் ஒரே நிர்வாகமாக்கும் திட்டம் 1958ல் எழுந்தது, எடுபடவில்லை. பிறகு நெடுஞ்சாலை போட்டார்கள். நெடுஞ்சாலைக்கு இடம் வேண்டுமே! ஃபுளோரல் பார்க்கை இடித்தார்கள். செயின்ட் ஜானையும் நகரச் சீரமைப்பு என்ற பெயரில் இடித்தார்கள். வெள்ளைத் தொழிலாளி புறநகரிலிருந்து ஆலைக்கு விரைந்து வர, கறுப்புத் தொழிலாளியின் வீட்டின்மேல் சாலை. இன்று ஃபிளின்ட் மக்களிலே பாதிக்கு மேற்பட்டோர் கறுப்பர். அவர்கள் திடீரென்று பெருகிவிடவில்லை. மற்றவர்கள் போனார்கள், இவர்கள் போக வழியில்லாதபடி செய்யப்பட்டார்கள்.

இனி ஆலைக்கணக்கு. 1978ல் ஃபிளின்ட் வட்டாரத்திலே ஜெனரல் மோட்டார்ஸ் தொழிலாளர் சுமார் 80,000 பேர். இன்று பதினாயிரத்துக்கும் குறைவு. எண்ணெய் விலை ஏறியது, சப்பான் கார்கள் வந்து இறங்கின, எந்திரக்கை வந்து மனிதக்கையைத் தள்ளியது. இல்லையென்று சொல்லவில்லை நாம். ஆனால் எந்த ஆலையை மூடுவது, எந்த வேலையை எந்த மாநிலத்துக்கும் எந்த நாட்டுக்கும் மாற்றுவது என்பதெல்லாம் மழை பெய்வதுபோல் தானாக நடந்தவையா? ஒரே ஒரு காட்சி போதும். 1998 மே மாத இறுதி. விடுமுறை நாட்கள். ஃபிளின்ட் உலோகத் தகடு ஆலையிலே தொழிலாளர் இல்லாத நேரம் பார்த்து, தகடு அழுத்தும் டைகளைக் கம்பெனி கழற்றி ஒகையோ மாநிலத்துக்கு ஏற்றி அனுப்பியது. ஆளில்லாத வீட்டிலே சாமான் எடுப்பதற்குத் தமிழிலே ஒரு பெயருண்டு. சொந்தச் சாமான்தான் என்பார்கள். எட்டு மணி நேரம் அதன்முன் நின்று உழைத்தவனுக்கு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?

சூன் 5ல் வேலைநிறுத்தம். இரண்டு ஆலைகளிலே 9,200 பேர் வெளியேறினார்கள். 54 நாட்கள் நடந்தது. உதிரிபாகம் இல்லாமல் வட அமெரிக்கா முழுவதும் அந்தக் கம்பெனியின் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாய் நின்றன. ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டவர்க்கு வேலை நின்றது. டைகள் திரும்பி வந்தன. ஆனால் அடுத்த ஆண்டே, 1999 சூனில், பியூக் சிட்டி மூடப்பட்டது. ஒரு காலத்தில் இருபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் உழைத்த இடம், ஏக்கர் ஏக்கராய்ச் சிமெண்டுத் தரையாகக் கிடந்தது. 2009ல் கம்பெனி திவால் நோட்டீஸ் கொடுத்தது. அப்போது மட்டும், தொழில் வரும் போகும் என்று பண்டிதர்கள் பேசவில்லை! ஏறத்தாழ 5,000 கோடி டாலர் பொதுப்பணத்தைக் கொடுத்துத் தூக்கி நிறுத்தியது சர்க்கார். மாசு படிந்த பழைய நிலங்கள் பழைய கம்பெனியின் பெயரிலே விடப்பட்டன. புதிய கம்பெனி கைகழுவி நடந்தது.

வேலைக்கு மாற்று தேடாமலில்லை ஊரார். 1984ல் ஆட்டோவேர்ல்ட் என்றொரு கேளிக்கைக் கூடம் பல கோடி டாலர் செலவில் திறந்தார்கள். மோட்டார் ஆலையின் சிறப்பைக் காசு கொடுத்துக் கண்டுகளிக்க வாரீர் என்றார்கள். ஆலையை இழந்தவனுக்கு ஆலையின் பொம்மை! ஓராண்டு தாங்கவில்லை, 1997ல் இடித்தே விட்டார்கள்.

இப்போது தண்ணீருக்கு வருகிறோம். நம் ஏடுகளிலும் செய்தி வந்தது. ஆனால் மக்கள் கணக்குக்கும் அந்தத் தண்ணீருக்கும் உள்ள தொடர்பு பலருக்குத் தெரியாது. இரண்டு இலட்சம் பேருக்காகப் போட்ட குழாய்கள், குடிப்பவர் பாதிப்பேர். குழாய்க்குள்ளே தண்ணீர் தேங்கும். செலவு குறையாது, அதைப் பங்கிட ஆள் குறைவு. ஆகவே அமெரிக்காவிலேயே மிக உயர்ந்த தண்ணீர்க் கட்டணம் கட்டிய ஊர்களிலே இதுவும் ஒன்று, பத்துக்கு நான்கு பேர் வறுமையிலிருந்த ஊர்! நகரங்களுக்குத் தரவேண்டிய வரிப்பங்கை மாநில சர்க்கார் தொடர்ந்து வெட்டியது. கசானா காலியாயிற்று. காலியான கசானாவைக் காட்டி, உங்களுக்கு ஆளத் தெரியவில்லை என்றார்கள். 2011ல் அவசர நிர்வாகி ஒருவரை அனுப்பினார்கள். மேயருண்டு, நகரமன்றமுண்டு, அதிகாரம் இல்லை. 2012 நவம்பரிலே மிச்சிகன் மக்கள் வாக்களித்து அந்தச் சட்டத்தை ரத்துச் செய்தார்கள். டிசம்பரிலே, ஒரு மாதத்துக்குள், வேறு எண்ணிட்டு அதைப்போன்றதொரு சட்டத்தை மாநில சட்டமன்றம் கொண்டுவந்தது. மறுபடி மக்கள் வாக்குக்கு விட முடியாதபடி நிதி ஒதுக்கீட்டையும் ஒட்டிவைத்தது. 2013ல் டெட்ராய்ட்டும் இந்த ஏற்பாட்டின்கீழ் வந்தபோது, அம்மாநிலத்துக் கறுப்பு மக்களிலே ஏறத்தாழ சரிபாதிப் பேர் இப்படிப்பட்ட நிர்வாகிகளின் ஆட்சியிலே இருந்தனர்.

சிக்கனம் என்று சொல்லி, 2014 ஏப்ரல் 25ல் டெட்ராய்ட் தண்ணீரை நிறுத்தி ஃபிளின்ட் ஆற்றுத் தண்ணீரைத் திருப்பினார்கள். குழாயை அரிக்காமலிருக்கச் சேர்க்கவேண்டிய மருந்தைச் சேர்க்கவில்லை. பழைய ஈயக் குழாய்கள் கரைந்தன. பழுப்புத் தண்ணீர் நிறைந்த குப்பிகளோடு தாய்மார்கள் மன்றத்துக்கு வந்தார்கள். குடிக்கலாம், ஒன்றும் செய்யாது என்றார்கள் அதிகாரிகள். அதே 2014 அக்டோபரில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் எஞ்சின் ஆலைக்கு இந்தத் தண்ணீர் வேண்டாமென்றது. எஞ்சின் பாகம் துருப்பிடிக்கிறதாம்! உடனே அதற்கு வேறு தண்ணீர் வந்தது. இரும்பு துருப்பிடித்தால் அன்றே கேட்கும் காது, குழந்தையின் உடலிலே ஈயம் ஏறினால் கேட்க இன்னும் ஓராண்டு பிடித்தது. 2015 மார்ச்சிலே பழைய தண்ணீருக்கே திரும்புவோம் என்று நகரமன்றம் 7க்கு 1 என்று வாக்களித்தது. நிர்வாகி ஒரு கையசைப்பில் தள்ளினார். குழந்தைகளின் இரத்தத்திலே ஈயம் இரட்டிப்பதை மருத்துவர் மோனா ஹன்னா-அட்டிஷா செப்டம்பரில் எண்களோடு வெளியிட்ட பிறகே, அக்டோபரில் தண்ணீர் மாறியது. அதற்குள் லீஜியனேர் என்ற நுரையீரல் நோயால் குறைந்தது 12 பேர் இறந்திருந்தனர்.

மக்கள் தொடுத்த வழக்கிலே 2021ல் 62 கோடியே 60 இலட்சம் டாலர் இழப்பீட்டுக்கு நீதிமன்றம் ஒப்புதல் தந்தது. முன்னாள் ஆளுநர் உட்பட ஒன்பது பேர்மேல் அதே ஆண்டு குற்றச்சாட்டு வந்தது. குற்றஞ்சாட்டிய முறை சட்டப்படி செல்லாது என்று 2022ல் மாநில உச்சநீதிமன்றம் சொல்ல, அவை எல்லாம் கரைந்தன. எவரும் சிறைக்குப் போகவில்லை.

குழாய்கள் மட்டும் மாறின. ஊர் மக்களே நீதிமன்றம் சென்று 2017ல் பெற்ற ஒப்பந்தப்படி, மூன்றாண்டில் முடிக்கவேண்டியது, 2025 வரை இழுத்து, ஏறத்தாழ 11,000 குழாய்களைத் தோண்டி மாற்றியிருக்கிறார்கள்.

ஆலையும் முழுதும் போய்விடவில்லை. 1947ல் திறந்த டிரக் ஆலை இன்றும் ஓடுகிறது. கம்பெனிக்கு இலாபம் கொட்டும் கனரக வண்டிகள் அங்கேதான் உருவாகின்றன. அங்கே ஒரே வேலைக்கு இரண்டு சம்பளம் என்ற அநியாயம் 2007 ஒப்பந்தத்தால் புகுந்திருந்தது. பழையவனுக்கு ஒன்று, புதியவனுக்கு அதிலே பாதி. அதை எதிர்த்து 2023 செப்டம்பரிலே சங்கம் மூன்று பெரும் கம்பெனிகள்மேலும் ஒரே நேரத்தில் வேலைநிறுத்தம் தொடங்கியது. 1937ன் உள்ளிருப்பை நினைவூட்டும்படி அதற்கு 'எழுந்து நிற்கும் வேலைநிறுத்தம்' என்றே பெயரிட்டார்கள். ஆறு வாரங்களில் கம்பெனிகள் இறங்கிவந்தன. ஒப்பந்த காலத்தில் 25 சதவீத உயர்வு. சம்பளப் படிகளிலே இருந்த பிளவு பெரிதும் அடைபட்டது.

அந்த ஒப்பந்தம் தொழிலாளர் வாக்குக்கு வந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் தொழிலாளரிலே நூற்றுக்கு ஏறத்தாழ ஐம்பத்தைந்து பேர் ஏற்க, நிறைவேறியது. ஃபிளின்ட் டிரக் ஆலையில் மட்டும் எண்ணிப்பார்த்தபோது, போதாது என்று வாக்களித்தவர்களே சற்று அதிகமாக இருந்தார்கள்.